எதிரே வந்தவள்

“பெரியம்மாவைக் காணோம்மா” என்று நான் சொன்னபோது எம லிங்கத்தைத் தாண்டியிருந்தோம்.

அம்மா சட்டென்று நின்றாள். பின்னால் வந்தவர்கள் எங்கள் மேல் மோதி, முணுமுணுத்துக்கொண்டே விலகிப் போனார்கள். சித்ரா பௌர்ணமி. சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை; அதற்குள் கிரிவலப் பாதையில் கால் வைக்க இடமில்லை.

பெரியம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. போலீஸ் மைக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பிரயோஜனம் இல்லை. போளூரை விட்டு அதிகம் வெளியே வராதவள். ஊருக்கு எந்த பஸ்ஸில் ஏறுவது என்றுகூடத் தெரியாது.

கொஞ்ச தூரம் பின்னால் ஓடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலம் வர ஆரம்பித்த பிறகு ஓரடிகூடத் திரும்பக் கூடாதாம். பெரியம்மா முன்னால்தான் போயிருப்பாள், வேகமாக நட என்றாள். சொல்லிக்கொண்டே எக்கி எக்கி முன்னால் போகிறவர்களைப் பார்த்தாள்.

கிட்டத்தட்ட ஓடினோம். பச்சைப் புடவை தெரிந்த இடத்திலெல்லாம் அம்மா தோளைத் தொட்டாள். யார் யாரோ திரும்பினார்கள். பெரியம்மா மட்டும் திரும்பவில்லை.

நிருதி லிங்கத்துக்குச் சற்று முன்னால், அத்தனை கூட்டத்துக்கும் எதிராக ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள்.

என் வயதுதான் இருக்கும். சுடிதார். காலில் செருப்பு வேறு. ஓரமாக ஒதுங்கியும் வரவில்லை. நட்டநடுவில், ஒவ்வொரு பெண்ணையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியவர்களிடமெல்லாம் “சாரிங்க, சாரிங்க” என்றாள்.

செயின் அறுக்கிறவளாக இருக்கப்போகிறாள் என்று யாரோ சொல்ல, பெண்கள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார்கள்.

அவள் அம்மாவின் புடவையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

அம்மா முந்திக்கொண்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் அந்தப் பெண் மேல் இறங்கியது.

“ஏய் பொண்ணு, கண்ணு தெரியல உனக்கு? ஊரே ஒரு பக்கம் போவுது, நீ மட்டும் எதிர்ல வர்ற. அதுவும் செருப்பை மாட்டிக்கினு. படிச்ச திமிரா?”

“ஒரு ஆளைத் தேடறேங்க...”

“எல்லாரும் போற பக்கமா போய்த் தேடு.”

“அப்படிப் போனா முதுகுதாங்க தெரியும். எதிர்ல வந்தாத்தான் மூஞ்சி தெரியும்.”

பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். அது அம்மாவை இன்னும் கிளப்பிவிட்டது.

“நாங்களுந்தான் எங்க ஆளைத் தொலைச்சுட்டு நிக்கறோம். அதுக்காக முறை தப்பியா நடக்கறோம்? உன்ன மாதிரி நாலு பேர் இப்படி நடக்கறதாலதான் நல்லவங்களுக்குக் கஷ்டம் வருது.”

சரியாகச் சொன்னீர்கள் என்று கூட்டம் அம்மா பக்கம் சேர்ந்தது. ஒரு அம்மாள் அந்தப் பெண்ணைப் பிடித்துத் திருப்பி, முதுகில் கை வைத்து நெட்டினாள். அந்தப் பெண் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். பாவமாக இருந்தது. ஆனால் அம்மா அதற்குள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நாங்கள் நடந்தோம். கொஞ்சம் போனதும் பின்னாலிருந்து குரல் கேட்டது. அவள்தான். மறுபடி எதிர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

“போளூர் ரேணுகாம்பாள் யாருங்க? உங்க அக்கா காசியம்மாள் பத்திரமா இருக்காங்க.”

அம்மா என் கையை உதறினாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினாள். ஏம்மா, இப்படி எதிரே வரலாமா என்று யாரோ அதட்டினார்கள். அம்மா காதில் வாங்கவே இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் கவியா. பெரியம்மா எங்களை முன்னால் தேடிக்கொண்டு வருண லிங்கம் வரை போய், அங்கே அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். பக்கத்து மோர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த கவியா அவளை உட்கார வைத்து, மைக்கில் சொல்லச் சொல்லியிருக்கிறாள். யாரும் வராததால், தானே கிளம்பிவிட்டாள்.

அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக, மாம்பழக் கலர் புடவை என்று அக்கா சொல்லவில்லையா, என்னைப் பார்த்ததும் தெரியவில்லையா என்று கேட்டாள்.

“புடவையைப் பாத்ததும் நீங்கதானோனு நெனைச்சேங்க” என்றாள் கவியா. “ஆனா அவங்க தங்கச்சி அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்கனு சொன்னாங்க. அதான், நீங்களா இருக்காதுனு விட்டுட்டேன்.”