நல்ல நாள் புதன்கிழமை

தேசிக்காய் இரண்டும் அவன் சட்டைப் பையில் இருந்தன.

முன் சில்லுக்கு ஒன்று, பின் சில்லுக்கு ஒன்று. கற்பூரம் மனைவி சரோசாவின் கைப்பையில். புது மோட்டார் சைக்கிளைக் கடை வாசலிலேயே தேசிக்காய்க்கு மேல் ஏற்றி, நேரே பிள்ளையார் கோவிலுக்குப் போவதாக ஏற்பாடு.

கடைக்காரர் பழைய விலை அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நேற்று இரவு அரசாங்க வர்த்தமானி வந்திட்டுது அண்ணை. வரியைக் கூட்டிப்போட்டாங்கள். முதல் சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்திருந்தால் பழைய விலைக்கே தந்திருப்பன்."

வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமையே கையில் காசு முழுதாக இருந்தது. மூன்று வருசச் சேமிப்பு. குறைந்ததை நிரப்ப, வியாழக்கிழமை சைக்கிளையும் விற்றாயிற்று.

சரோசாதான் நாட்காட்டியைப் பார்த்தாள். வெள்ளி அட்டமி. சனி நவமி. ஞாயிறு கடை பூட்டு. திங்கள் மரணயோகம். செவ்வாயில் யாராவது வாகனம் எடுப்பார்களா?

புதன், காலை பத்தேகால். அப்படியொரு நல்ல நேரம் இனி இந்த மாதத்தில் இல்லை என்றாள்.

இவர்கள் நாள் பார்த்தார்கள். அரசாங்கம் நாளும் பார்க்கவில்லை, கிழமையும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை நள்ளிரவில், ஊர் உறங்கும்போது, கையெழுத்து வைத்துவிட்டது.

எண்பத்தையாயிரம் ரூபா கூடிவிட்டது.

கடைக்காரர் நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். முதலில் சுங்க வரி. அதற்கு மேல் இன்னொரு வரி. இரண்டையும் வண்டி விலையோடு கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு வற் வரி.

வரிக்கும் வரி.

அவன் வண்டியைப் பார்த்தான். சிவப்பு. இதே வண்டி, இதே சிவப்பு, அக்கரையில், இந்தியாவின் மண்டபம் ஊரில், அவன் தம்பியிடம் இருக்கிறது. பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அங்கே இரண்டு வாங்கும் காசுக்கு இங்கே ஒன்று.

நடுவில் கிடப்பது ஒரு துண்டுக் கடல்.

அந்தக் கடலை அவனுக்குத் தெரியும். அக்கரையிலிருந்து இழுவைப் படகுகள் அதைத் தாண்டித்தான் வருகின்றன. இக்கரை மீனை அடியோடு வாரிக்கொண்டு போகின்றன. அதற்கு வரி கேட்க ஒருவனுமில்லை. மீன் விற்கிறவன் ஒரு வண்டி கேட்டால் மட்டும் எல்லோருக்கும் கை நீளுகிறது.



கள்ளப்பாட்டுக் கரையில் விடிய முன்னம் மீன் எடுத்தால், ஒட்டுசுட்டானுக்குப் பதினைந்து மைல். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் மீன்காரர் ஏழு மணிக்கு முன்பே போய்விடுவார்கள். அவன் சைக்கிளை உழக்கிப் போய்ச் சேர ஒன்பது. அதற்குள் எல்லா வீட்டிலும் குழம்பு கொதிக்கும். மிஞ்சிய ஒருத்தி செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், முகம் சுளிப்பாள், பாதி விலை கேட்பாள். கொடுத்துவிட்டு வருவான்.

நாற்பத்தெட்டு வயது. வலது முழங்கால் வேறு தகராறு. இந்த வருசம் தாண்டாது என்று அவனுக்குத் தெரியும்.

"கொஞ்ச நாள் பொறுங்கோ அண்ணை. குறையும்" என்றார் கடைக்காரர்.

குறைந்ததை அவன் எந்தக் காலத்தில் கண்டான்?

அவன் படியிறங்கினான். சரோசா பின்னால் வந்தாள். பெற்றோல் செட்டைத் தாண்டி, தபால் கந்தோரைத் தாண்டி, சைக்கிள் கடை அரியகுட்டியின் வாசலில் போய் நின்றான்.

சைக்கிள் அங்கேதான் நின்றது. மீன்பெட்டி கட்டிய கயிறுகூட அப்படியே இருந்தது.

"எவ்வளவு?" என்றான்.

அரியகுட்டி அவனைப் பார்த்தான். சரோசாவைப் பார்த்தான். கையைத் துடைத்தான்.

"வியாழக்கிழமை விலைதானே அண்ணை."

அப்போதுதான் அவனுக்குக் கண் கலங்கியது.

தெருவுக்கு உருட்டி வந்ததும் சரோசா கை நீட்டினாள். தேசிக்காய்களை எடுத்துக் கொடுத்தான். அவள் குந்தியிருந்து, முன் சில்லுக்கு ஒன்றும் பின் சில்லுக்கு ஒன்றும் வைத்தாள். கற்பூரம் கொளுத்தினாள். பத்தேகால் எப்போதோ போய்விட்டது.

"என்ர பிழை. நான்தான் நாள் பார்த்தன்."

"நீயே வரி போட்டனி?"

அவன் ஏறி உழக்கினான். பாரம் போதவில்லை. தேசிக்காய்கள் நசியாமல் வழுக்கி ஓரமாக உருண்டன. அவள் மறுபடி எடுத்து வைத்தாள். மறுபடியும் உருண்டன.

"நீயும் ஏறு."

மீன்பெட்டி வைக்கும் கரியரில் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

இந்த முறை நசிந்தன.

அவன் கோவில் பக்கம் திருப்பவில்லை. கரைப் பக்கம் திருப்பினான். நாளைக்கு மீன் எடுக்கச் சொல்லிவைக்க வேண்டும்.