தேறாத ஆள்

"பரீட்சைக்கு முந்தின நாள் சாயந்திரம். பத்து லட்சம் பசங்க ஒரே நேரத்துல மாதிரித் தேர்வு எழுத உள்ள வர்றாங்க. உங்க சர்வர் என்ன ஆகும்?"

கேட்டுவிட்டு சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எதிரே இருந்த நரைமீசைக்காரர் சிரித்தார்.

"நீங்க சொல்லுங்களேன். நீங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

திமிர்! கேள்வி கேட்கிறவரிடமே கேள்வி. வேலை தேடி வந்த இடத்தில் கால்மேல் கால் வேறு. இவர் அறைக்குள் நுழைந்தபோது அந்த ஆள் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உருப்படியாகத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான் போலும்.

ஆர்க்கிடெக்ட்டுக்கு விண்ணப்பத்தைப் படிக்கும் வழக்கமே கிடையாது. பார்த்த மாத்திரத்தில் ஆளை எடைபோட்டுவிடுவார், அதில் ஏகப்பட்ட பெருமை. உறை பிரிக்கப்படாமலே மேசையில் கிடந்தது.

ஆனால் இன்று ஓர் ஆளை எடுத்தே ஆகவேண்டும். ஆன்லைன் பயிற்சித் தேர்வுத் தளத்தை எப்படிக் கட்டுவது என்று இவரும் இன்னொரு கிளையின் ஆர்க்கிடெக்ட்டும் ஆறு மாதமாக மெயிலிலேயே குடுமிப்பிடிச் சண்டை. நேரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை, பார்க்க மனமும் இல்லை. அந்த லட்சணத்தில் கட்டிய தளம் சோதனை ஓட்டத்திலேயே படுத்துவிட்டது.

"ரெண்டு பேரும் சேர்ந்து இன்டர்வியூ பண்ணி, அஞ்சு மணிக்குள்ள ஒரு ஆளைப் பிடிங்க. இல்லைன்னா வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துடுவேன், உங்க டீமையும் கலைச்சிடுவேன்" என்று டைரக்டர் காலையில் முடிவாகச் சொல்லிவிட்டார். வந்திருந்ததோ ஒரே ஒரு விண்ணப்பம்.

அந்தக் கிளை மகானுபாவரை இன்னும் காணோம். வராமலே தொலையட்டும் என்று இவர் ஆரம்பித்துவிட்டார். வாசலில் ஃபைலும் கையுமாக உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "இன்டர்வியூ நடக்குது. யார் வந்தாலும் உள்ள விடாதேம்மா" என்று சொல்லித்தான் கதவைச் சாத்தியிருந்தார்.

"சரி, பையன் எழுதற பதிலை எங்க சேமிப்பீங்க?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார் ஆர்க்கிடெக்ட்.

"அவன் போன்லயே. நெட் போனாலும் அவன் பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருப்பான்."

"போன்லயா? அப்படியே சரியான விடைகளையும் கையில கொடுத்து அனுப்பிடுங்களேன்!"

"பயிற்சித் தேர்வுல காப்பியடிச்சு யாரை ஏமாத்தப் போறான், தன்னைத்தானே? இதுகூடப் புரியலைன்னா என்னத்தச் சொல்ல?"

நரைமீசைக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தன் போனை எடுத்து எதையோ தட்ட ஆரம்பித்தார். இன்டர்வியூ நடுவில் போன்!

ஆர்க்கிடெக்ட்டுக்கு ரத்தம் தலைக்கேறியது. டீம் இருந்தால் என்ன, போனால் என்ன, இந்த ஜென்மத்தோடு ஒரு நாள்கூடக் குப்பை கொட்ட முடியாது. அவரும் போனை எடுத்து டைரக்டருக்கு மெயில் தட்டினார். 'தேறவில்லை. தலைக்கனம் மட்டும்தான் இருக்கிறது, சரக்கு இல்லை.'

மணி ஐந்தடித்தது. இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் சிணுங்கின.

'ஆறு மாதத்தில் இன்றைக்குத்தான் நீங்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறீர்கள். வந்த ஆள் தேறவில்லை என்று இரண்டு பேருமே எழுதிவிட்டதால், வேலையை வெளியே கொடுத்துவிட்டேன். டீம் இன்றோடு கலைகிறது' என்று எழுதியிருந்தார் டைரக்டர்.

இரண்டு பேருமா? அந்த மகானுபாவர்தான் வரவே இல்லையே! ஆர்க்கிடெக்ட் நிமிர்ந்தார். எதிரே நரைமீசைக்காரரும் தன் போனிலிருந்து நிமிர்ந்து, இவரையே திருதிருவென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு லேசாகத் திறந்தது. ஃபைலை மார்போடு அணைத்தபடி அந்தப் பெண் எட்டிப்பார்த்தாள்.

"சார், நீங்க சொன்ன மாதிரி யாரையும் உள்ள விடல. என்னை எப்ப சார் இன்டர்வியூ பண்ணுவீங்க?"