முதல் வரியில இருந்து

வெறும் பேச்சாலயே ஒரு ஆளைக் கொல்ல முடியுமா, சொல்லுங்க?

முடியும்னு சொன்னவர் ஒரு பைலட். ஒரு வைர வியாபாரிகிட்ட சம்பளத்துக்கு, நாலு பேர் உட்கார்ற குட்டி விமானத்தைப் பதினெட்டு வருஷமா ஓட்டுறவர். போன வாரம் சாப்பாட்டு மேசையில, பொண்டாட்டியும் மச்சினனும் கேட்டுக்கிட்டிருக்க, அவரே விளக்கினார்.

"விமானம் தரையை விட்டு எழும்புற நேரம் இருக்கே, அதான் கண்டம். பக்கத்துல இருக்கறவன் வாயைத் திறந்தாப் போதும். கவனம் அங்க போகும், கை இங்க மறக்கும். அப்புறம் சங்குதான்."

"எவ்வளவு பேசணும் அத்தான்?"ன்னான் மச்சினன்.

"உன் அளவுக்கு வேண்டாம் மாப்ளே. ஒரு வார்த்தை போதும்."

எல்லாரும் சிரிச்சாங்க.

இப்ப அதே மச்சினன், விமானத்துல பைலட்டுக்குப் பக்கத்து சீட்டுல. கூப்பிடாமலே ஏறி, பெல்ட்டும் போட்டுக்கிட்டான்.

"எங்கடா வர்ற?"

"அக்காதான் அனுப்பினா. உங்களுக்குப் பேச்சுத் துணைக்கு."

"ஒரு துணையும் வேண்டாம். இறங்கு."

"அதை அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க." போனை நீட்டினான்.

பைலட் வாங்கலை. எந்தப் புருஷன் வாங்குவான்? "சரி, வாயைத் தைச்சுக்கிட்டு உட்காரு."

கிளம்பறதுக்கு முன்னாடி சரிபார்க்க ஒரு அட்டை உண்டு. இருபத்திரண்டு வரி. ஒவ்வொண்ணா சத்தமாப் படிச்சு, அந்தந்த விசையைத் தொட்டுப் பார்க்கணும். நடுவுல எவனாவது குறுக்கிட்டா, விட்ட இடத்துல தொடரக் கூடாது. திரும்ப முதல் வரி. தலை போற அவசரம்னாலும் பைலட் அதை மட்டும் மாத்திக்க மாட்டார்.

ஒன்பதாவது வரி.

"அத்தான், கதவு சரியா மூடலையோ?"

முதல் வரி.

பதினாறாவது வரி.

"இந்த சிவப்புப் பிடி எதுக்கு அத்தான்? இழுத்துப் பார்க்கட்டா?"

"கையை எடுடா!"

முதல் வரி.

இருபத்தொண்ணாவது வரி.

"அத்தான், அவசரமா ஒண்ணுக்கு வருது."

"அடக்கு! என்னைக் கொன்னுட்டுத்தான் ஓய்வியா?"

பைலட் நெத்தி வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, மறுபடி முதல் வரிக்குப் போனார்.

அந்த நேரம் மச்சினன் போன் மினுங்குச்சு. அக்கா அனுப்பியிருந்தா: "எழும்பறதுக்குள்ள காரியத்தை முடி. விட்டா போச்சு."

படிச்சான். போனைக் கவுத்து வச்சான். விமானம் விழுந்தா அவனும்தானே சேர்ந்து விழுவான்?

ஒருவழியா இருபத்திரண்டு வரியும் முடிஞ்சது. விமானம் ஓடுபாதையில திரும்புச்சு. எஞ்சின் அலறுச்சு. வேகம் ஏறுச்சு. மூக்கு மேல தூக்கப் போகுது.

மச்சினன் கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் கத்தினான்.

"அத்தான்! சக்கரத்துல நெருப்பு!"

ஒரே ஒரு நொடி பைலட் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு நொடி போதுமானதா இருந்துச்சு. விமானம் இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் புல்லுக்குள்ள பாய்ஞ்சது. பைலட் எஞ்சினைக் குறைச்சு, ரெண்டு காலாலயும் பிரேக்கை மிதிச்சார். விமானம் உடம்பெல்லாம் உதற, கம்பி வேலிக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு.

நெருப்பும் இல்ல, புகையும் இல்ல.

"அடப்பாவி!" பைலட் அவன் சட்டையைக் கொத்தாப் பிடிச்சார். "உங்க அக்காவும் நீயும் சேர்ந்துதான் இதைப் பண்ணினீங்களா?"

அதுக்குள்ள ஒரு போலீஸ் ஜீப் புல்லைக் கிழிச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு. மச்சினன் சட்டையை விடுவிச்சுக்கிட்டு, தள்ளாடி இறங்கி, இன்ஸ்பெக்டர் முன்னாடி ரெண்டு கையையும் தூக்கினான்.

"நான்தான் சார். அக்கா சொல்லித்தான் செஞ்சேன்."

மறுநாள் காலை, வைர வியாபாரி ஸ்டேஷனுக்கு வந்து பைலட் பையில சிக்கின தன் வைரத்தை எல்லாம் திரும்ப வாங்கிக்கிட்டு, போலீஸ் வர்ற வரைக்கும் திருடனைப் பிடிச்சு வச்ச மச்சினனுக்கும், தகவல் கொடுத்த அக்காவுக்கும் நன்றி சொன்னார். பைலட்டைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க.