துணை நடிகை விருது

பத்திரிகை, இலக்கிய விருதுகள் முடிந்து நாடகத்துக்கு வந்தார்கள். சிறந்த துணை நடிகை, அவள் எழுதி இயக்கிய நாடகத்தில் ஜன்னலோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மாவாம்.

நாடகத்தில் இருந்ததே இரண்டு பாத்திரங்கள், அப்பாவும் மகளும். அவளுடைய சொந்த வீட்டுக் கதைதான், யாரிடமும் சொன்னதில்லை. செத்துப்போன அம்மாவை மட்டும் எழுதும்போதே வெட்டியிருந்தாள். அடிவாங்கியும் வாய் திறக்காதவளுக்கு மேடை ஒரு கேடா?

மகளாக நடித்தவள் பக்கத்திலிருந்து இடித்தாள். "ஏன்டி முழிக்கிற? போய்க் கூட்டிட்டு வா."

"யாரை?"

"அந்த அம்மாவைத்தான். தினம் நமக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருப்பாங்களே, பாவம்."

மேடையில் அறிவிப்பாளர், யாருமில்லாத பக்கம் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "அம்மா பேச மாட்டாங்களாம். பெத்த பொண்ணைப் பேசச் சொல்றாங்க."

அரங்கமே அவள் பக்கம் திரும்பியது.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.