நைலான் சேலை

பட்டாசுக் கம்பெனி கேட்டில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த போர்மேன் அய்யப்பன், முருகம்மாளை மட்டும் ஓரமாக நிறுத்தினார்.

சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் மடித்து வைத்திருந்த நீல நிற நைலான் சேலையை வெளியே எடுத்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"இது என்னம்மா?"

"சேலை அண்ணாச்சி. உடுத்தலையே, பையிலதான இருக்கு."

"மருந்து கிட்ட நைலான் வரக்கூடாதுன்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா? ஒரு உரசல் போதும். உன்னோட சேத்து அம்புட்டு பேரும் போவோம்."

பட்டாசு ஆலைக்குள் நூல் துணியைத் தவிர வேறு எதுவும் கூடாது என்பது முருகம்மாளுக்குத் தெரியாததில்லை. கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஓய்வுக் கொட்டகையில் பையை மாட்டிவிட்டு உள்ளே போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னாள்.

அவள் மகள் பானுப்பிரியா ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து சாரணியர் முகாமுக்கு மலையடிவாரம் போகிறார்கள். தரையில் தேளும் பூரானும் ஊருமாம். அதனால் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கிற மாதிரி ஒரு தொட்டில் ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். கடையில் வாங்க முடியாதவர்கள் வீட்டிலேயே தைக்கலாம், ஆனால் நூல் சேலை பனியில் நனைந்து கிழிந்துவிடும், நைலான்தான் தாங்கும் என்று ஆர்த்தி டீச்சர் சொல்லிவிட்டார். முருகம்மாளிடம் இருந்த நைலான் சேலை இது ஒன்றுதான். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் தையல் கடை திறப்பதில்லை. சாயங்காலம் போகிற வழியில் கொடுக்கலாமென்று கையோடு எடுத்து வந்திருந்தாள்.

அய்யப்பன் முழுவதையும் கேட்டார்.

"தொட்டிலாம் தொட்டில். பொட்டப்பிள்ளைய காட்டுல கொண்டுபோய்த் தொங்கவிடப் போறாகளாக்கும்."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். சேலை அவர் அறைக்குப் போய்விட்டது. சாயங்காலம் தந்துவிடுவீர்களா என்று அவள் கேட்டதற்கு, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் ஆள் இல்லை. சேலையைத் தன் வண்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார் என்றான் வாட்ச்மேன் சங்கிலிமுத்து.

வீட்டில் பானுப்பிரியா துணிமணியெல்லாம் எடுத்து வைத்துத் தயாராக இருந்தாள். லாரி ஓட்டுகிற அவள் அப்பா ஊர்க்காவலன் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். தெருவைத் தாண்டி அவள் தனியாக எங்கேயும் தங்கியதில்லை. இதுதான் முதல் தடவை.

"ராத்திரி நட்சத்திரத்துக்கெல்லாம் பேரு சொல்லித் தருவாகளாம்மா," என்றாள்.

நாளைக்குக் கண்டிப்பாகச் சேலையை வாங்கி, எப்படியாவது தைத்துவிடலாம் என்று முருகம்மாள் சமாதானம் சொன்னாள். பிள்ளை அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பையிலிருந்த சீருடையை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். முருகம்மாளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் அய்யப்பன் வேலைக்கே வரவில்லை.

கம்பெனி முழுக்க அதே பேச்சு. ஆர்டர் குவிந்து கிடக்கிற சீசன் நேரம். காய்ச்சல் என்றாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற மனுஷன், லீவு சொல்லியிருக்கிறார்.

"உன் சேலைய வீட்டம்மாவுக்கு உடுத்திவிட்டு எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருப்பாரு," என்றாள் பக்கத்தில் சரம் பின்னிக்கொண்டிருந்தவள்.

முருகம்மாளின் கை தன் பாட்டுக்குச் சரத்தைப் பின்னியது. வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். விடிந்தால் முகாமுக்கு வேன் வந்துவிடும். பெரிய மனுஷன், அதிகாரம் இருக்கிறது, ஏழை வீட்டுப் பிள்ளையின் ஆசையெல்லாம் அவருக்கு என்ன தெரியும்?

வேலை விட்டதும் பஸ் ஏறாமல் நேரே தாயில்பட்டியில் இருக்கிற அவர் வீட்டுக்கு நடந்தாள். என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வேலை போனால் போகட்டும் என்கிற அளவுக்கு வந்திருந்தாள்.

வெளிக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே காலெடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முற்றத்து வேப்பமரத்துக்கும் மாடிப்படிக் கம்பிக்கும் நடுவே நீலமாக ஒரு தொட்டில் தொங்கியது. அவளுடைய சேலைதான். அதற்குள் கைலியும் பனியனுமாக, அந்தப் பெரிய உடம்பைக் கிடத்தி, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் அய்யப்பன்.

முருகம்மாளுக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. தன் பிள்ளை படுக்க வேண்டிய இடத்தில் இந்த மனுஷன் லீவு போட்டுத் தூங்குகிறார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி நியாயம்," என்று அவள் ஆரம்பிக்கும்போதே உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடி வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. முந்தானையெல்லாம் நீல நூல் ஒட்டியிருந்தது.

"முருகம்மாதான நீ? மெதுவாப் பேசும்மா, இப்பத்தான் கண்ணசந்தாக," என்று கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"கேட்ல வச்சுச் சரின்னு சொன்னா நாளைக்கு ஆளாளுக்கு நைலான் கொண்டாந்துருவாகன்னு அங்கன வாயத் தொறக்கலையாம். நேத்து வந்ததும் வராததுமா என்னைய மெஷின்ல உக்கார வச்சுட்டாக. என் பாரத்த இருட்டுற வரைக்கும் தாங்குனாத்தான் பிள்ளைக்குக் குடுப்பேன்னு காலையிலேருந்து அதுலயேதான் கெடக்காக."

முருகம்மாள் தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு தடவ அறுந்து கீழ விழுந்துட்டாகம்மா," என்றார் அந்த அம்மா. "இது மூணாவது தையல்."