நீலம் வராமல்

கள்ளக்குறிச்சி லேத் பட்டறையில் கண்ணாயிரம் பெல்ட்டைப் பெரிய புல்லிக்கு மாற்றி வேகத்தைக் குறைக்கிறார். “இன்னாண்ணே, இவ்ளோ மெதுவா சுத்துது? நாத்து காயுதுண்ணே,” என்கிறாள் பெரியநாயகி. கிணற்றுப் பம்பின் உடைந்த ஷாஃப்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, பஸ் ஓடாததால் தியாகதுருகத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். “இரும்பச் சீவ கைல கீறது ஒரே டூலும்மா. இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்த வெட்டிப் போட்டுக்கீறாங்க. இது கருகிச்சுன்னா சேலத்துலேருந்து வேற வராது. உரிஞ்சி வர்ற சுருளப் பாத்துக்கினு இரு. வைக்கோல் நெறமா வந்தா சரி, நீலமா வந்தா சூடு ஜாஸ்தி.” உடைந்ததன் அளவுக்குக் கடையும் புது ஷாஃப்ட் சுழல்கிறது. கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் இரும்பு சுருள் சுருளாக உரிகிறது. சூடு தணிக்கும் சோப்புத் தண்ணீர் அதன்மேல் சொட்டிப் பால்போல் வடிகிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்த பெரியநாயகி, அறுப்புக்கு முன் கதிரைப் பார்ப்பதுபோல் கண்கொட்டாமல் பார்க்கிறாள். தெருவில் கோஷம் எழுகிறது. ஊர்வலத்தில் தன் தம்பி தெரிகிறானா என்று கண்ணாயிரம் வாசல் பக்கம் திரும்புகிறார். டூலை நகர்த்தும் கைப்பிடியைச் சுற்றும் விரல்கள் தாமாக வேகமெடுக்கின்றன. “அண்ணே, நீலம்!” கை சட்டென்று நிற்கிறது. டூலைப் பின்னுக்கு இழுத்து, முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்க்கிறார். மழுங்கவில்லை. பெருமூச்சோடு சிரிப்பும் வருகிறது. மறுபடி கைப்பிடியைத் தொடுகிறவர் அவளிடமே கேட்கிறார்: “இன்னாம்மா, சுத்தட்டுமா?” சுருளிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொல்கிறாள்: “சுத்துங்கண்ணே. மெதுவாவே சுத்துங்க.”