விடாத ஜுரம்

“இந்த வார்டை மூடச் சொல்லித்தான் எழுதப் போறேன், மேடம்” என்றார் டாக்டர் ஜானகிராமன்.

தலைமை மருத்துவச்சி லுயீஸ் கையிலிருந்த காப்பித் தம்ளரை ஜன்னலோரம் வைத்தாள்.

நெல்லித்தோப்பிலிருந்த அந்தச் சின்ன தர்ம ஆஸ்பத்திரிக்கு 1958-ல் சர்க்கார் மானியம் வந்துகொண்டிருந்தது. மானியம் கொடுக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? வைத்தியம் எப்படி, செலவு எவ்வளவு என்று அளந்து பார்க்க மதராஸிலிருந்து ஜானகிராமனை வரவழைத்திருந்தார்கள். மனுஷர் கட்டில் கட்டிலாக அளந்துகொண்டே வந்து, பிரசவ வார்டில் லுயீஸைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு வாரத்துல வீட்டுக்குப் போக வேண்டியவங்க ரெண்டு வாரம் படுத்திருக்காங்க. சாப்பாட்டுச் செலவு இரட்டிப்பு. கேட்டா ஜுரம்ங்கிறீங்க. பிரசவமானவளுக்கு ஜுரம் வந்தா என்ன அர்த்தம் தெரியுமா? உங்க கை சுத்தமில்லைன்னு அர்த்தம்!”

“தெரியும், முசே.”

“சார்னே கூப்பிடுங்க. பிரெஞ்சுக்காரன் போய் நாலு வருஷமாச்சு.”

“சரிங்க சார்.”

“தர்மாமீட்டர் வேற சும்மா சும்மா உடையுது. அது என்ன அப்பளமா?”

லுயீஸ் எதிர்த்துப் பேசினாலாவது பரவாயில்லை. இப்படிக் கல்லு மாதிரி நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

“இன்னொண்ணு எனக்குப் புரியவே இல்ல. தலைப்பிரசவத்துக்காரி ஒருத்திக்கும் ஜுரம் கிடையாது. ரெண்டாவது, மூணாவது பெத்தவளுங்களுக்கு மட்டும் ஒருத்தி பாக்கியில்லாம ஜுரம். எந்தக் கிருமி இப்படி ஆள் பார்த்துப் பிடிக்குது?”

அப்போது வராந்தாவில் ஒரு குரல் இடி இடித்தது.

“அன்னக்கிளி! கௌம்புடி! நடவு தலைக்கு மேல கெடக்குது, ஆளு கெடைக்காம அல்லாடறோம். நீ இங்க மகராணியாட்டம் படுத்திருக்கிறியா? ஊர்ல யாரும் புள்ள பெக்கலியா?”

பாகூரிலிருந்து வந்திருந்த அன்னக்கிளியின் மாமியார் செல்வாம்பாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி படியேறிக்கொண்டிருந்தாள். பிரசவ வார்டுக்குள் வீட்டு ஆண்கள் வரக் கூடாது என்பதால், அவள் மகன் மண்ணாங்கட்டி ஜன்னலுக்கு வெளியே மாட்டு வண்டியோடு நின்றான்.

“வெளியவே இரும்மா. டாக்டர் பார்த்துக்கிட்டிருக்கார்” என்று லுயீஸ் அவளைத் தடுத்துவிட்டு, தர்மாமீட்டரை எடுக்கப் போனாள்.

“கொடுங்க, நானே பார்க்கிறேன்.” ஜானகிராமன் அதை வாங்கி, பச்சைப் பிள்ளையோடு படுத்திருந்த அன்னக்கிளியின் வாயில் வைத்தார். அந்தப் பெண் மிரண்டுபோய் லுயீஸைப் பார்த்தாள்.

எடுத்துப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஜுரமே இல்லியே!”

“இல்ல சார்.” லுயீஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இவளுக்கு மட்டுமில்ல, இந்த வார்டுல எவளுக்குமே ஜுரம் வந்ததில்ல. நான்தான் தர்மாமீட்டரைச் சூடு காப்பில முக்கிக் காட்டுவேன். சூடு அதிகமாயிட்டா கண்ணாடி உடைஞ்சிடும்.”

“உங்களுக்கென்ன பைத்தியமா?”

“தலைப்பிரசவம்னா தாய் வீட்டுக்குப் போயிடுவா சார். அங்க உக்கார வச்சி சோறு போடுவாங்க. அடுத்த பிரசவத்துக்கு யார் கூப்பிடறா? இங்கேருந்து நேரா சேத்துலதான் போய் எறங்கணும். நான் வேலைக்கு வந்த புதுசுல அப்படி அனுப்பி வச்சேன் ஒருத்திய. வயல்லயே உதிரம் போயி செத்துட்டா. படுத்து எழுந்திருக்கட்டும்னு சொன்னா எந்த வீட்லயும் விட மாட்டாங்க. ஜுரம், ஜன்னி கண்டுடும்னு சொன்னாதான் பயப்படறாங்க.”

ஜானகிராமன் வார்டைத் திரும்பிப் பார்த்தார். வரிசையாகத் தாய்மார்கள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மதராஸில் அவர் பார்க்காத ஆஸ்பத்திரி இல்லை. ஒருத்திக்குக்கூட ஜுரம் வராத பிரசவ வார்டை அவர் எங்குமே பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட வார்டு, தன்னைத்தானே ஊரிலேயே மோசமான வார்டு என்று எழுதி வைத்துக்கொண்டிருக்கிறதே!

சுத்தமில்லை என்று தான் திட்டிய அந்தக் கைகளைப் பார்த்தார். வெந்நீரும் லைசால் மருந்தும் பட்டுப் பட்டுத் தோல் வெளுத்து வெடித்திருந்தது. எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு.

“என்னா சொல்றாரு டாக்டரு? கூட்டிக்கினு போவலாமா?” செல்வாம்பாள் பொறுமையிழந்து உள்ளேயே வந்துவிட்டாள்.

அதிகாரியை எதிரில் வைத்துக்கொண்டு லுயீஸ் எப்படிப் பொய் சொல்வாள்? அன்னக்கிளி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

பிறந்ததிலிருந்து ஒரு கணக்கையும் கூட்டிக் குறைத்துச் சொல்லியறியாத ஜானகிராமன், தர்மாமீட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“நூத்திரெண்டு” என்றார்.

செல்வாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விறுவிறுவென்று கட்டிலுக்குப் போய், மருமகளின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள்.

இனி என்ன இருக்கிறது? சில்லென்றிருக்கிற நெற்றியைத் தொட்டால் கைக்குத் தெரியாதா?

கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள் செல்வாம்பாள். பிறகு போர்வையை மருமகளின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஜன்னலுக்குப் போய், வெளியே பார்த்துக் கத்தினாள்:

“டேய் மண்ணாங்கட்டி! இவளுக்கு ஒடம்பு அனலா கொதிக்குதுடா! நீ வண்டியத் திருப்பு. இவளுக்குப் பதிலா நடவுக்கு நான் எறங்கறேன்!”